நாற்பது நிமிசம்

கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு
சின்ன டொக்டர் சொன்னார்:
நாளுக்கு நாற்பது நிமிசம் நடவுங்கோ அம்மா,
மட்டமான இடமாய்ப் பார்த்து.
கிளிநொச்சியில் அது எங்க இருக்கெண்டு சொல்லேல்லை.
குளிசை மட்டும் எழுதித் தந்தார்.

திங்கள், கண்டி வீதி.
டிப்போச் சந்தியிலிருந்து கரடிப்போக்கு வரை
கல் பதிச்ச நடைபாதை இருக்கு.
அதில் முதல் பிளாஸ்ரிக் கதிரைகள் நடக்கின்றன,
பிறகு லீசிங் கொம்பனியின் பதின்மூன்று மோட்டச்சைக்கிள்,
பிறகு சீமெந்து மூட்டை.
நான் றோட்டில் இறங்கி, ஏறி, இறங்கி,
கொழும்பு பஸ் ஒண்டு அள்ளின காத்தில்
என் சீலைத் தலைப்பு
யாழ்ப்பாணம் போய்த் திரும்பியது.

செவ்வாய், உதயநகர்.
கிறவல் ஒழுங்கை. ஏழு இடத்தில் வேம்பு நிழல்.
எட்டாவது படலையில் ஒரு நாய்.
கடிக்காது, கடிக்காது எண்டு வீட்டுக்காரி கத்துகிறா.
நாய்க்கு அது தெரியுமோ தெரியாது.

புதன் மழை.

வீட்டுத்திட்டத்துப் பக்கமும் போனன்.
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்,
நேர் றோட்டு, மட்டம், டொக்டர் சொன்ன மாதிரியே.
மரம் நட மறந்துபோனார்கள்.
மூன்று மணி வெயிலில்
என்ர நிழலுக்குள்ளயே ஒதுங்கப் பார்த்தன்.

வடிவான நடைபாதை ஒண்டும் இருக்கத்தான் இருக்கு:
இரண்டு பக்கமும் வெள்ளை அடிச்ச கல்,
கூட்டின மண், பூங்கண்டு, மருத நிழல்.
முள்ளுக்கம்பிக்கு அங்கால.

ஆனால் இந்த ஊரில் நடக்கிறவளுக்குப் பெரிய இடைஞ்சல்
பள்ளமும் இல்லை, நாயும் இல்லை, இரக்கம்.
"அக்கா, சைக்கிள் பழுதோ? ஏறுங்கோ."
சங்கக்கடை மனேச்சர் பிரேக் பிடிச்சார்.
லான்ட்மாஸ்ரரில் போன பெடியன்
வைக்கோலுக்கு மேலே இடம் காட்டினான்.
சும்மா நடக்கிறன் தம்பி எண்டால்
முகத்தை ஒருக்கால் உற்றுப் பார்த்து,
குரலைத் தணிச்சு,
"வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

வாய்க்கால் கட்டில் தவமலரைக் கண்டன்.
சந்தையில் கச்சான் வறுக்கிறவள்.
இடது முழங்காலுக்குக் கீழே
இது அவளுக்கு மூன்றாவது கால்.
"நீ ஊரெல்லாம் நடந்தவள்,
காலுக்குத் தோதான றோட்டு எது?" எண்டன்.
"எந்தக் காலுக்கு?" எண்டாள்.
வாய்க்காலில் நிண்ட கொக்கு எழும்பிப் பறக்கச் சிரிச்சம்.

பிறகு விபரமாய்ச் சொன்னாள்.
சொந்தக் காலுக்கு மணல் சுகம், மற்றதுக்கு அது எதிரி.
கார்ப்பெற் றோட்டில் மற்றது ராசா மாதிரிப் போகும்,
மத்தியானம் மட்டும் றபர் இளகும்.
கிறவலில் கல் உருண்டால்
காலுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும்.
ரத்தினபுரம் வேண்டாம். கனகபுரம் பரவாயில்லை.
அந்தக் கந்தோர்ப் படி கட்டின மேசனை
ஒருக்கால் நேரில காணவேணும்.

நகரசபைக்காரர் ஆரும் கேட்டவையோ எண்டன்.
கச்சான் சுருளைக் கையில் திணிச்சாள்.
சீனி இல்லை, தின், எண்டாள்.

டொக்டர் தம்பிக்கு அப்ப பத்து வயதிருக்கும்.
இதே ஊரிலிருந்து கிழக்கே நடந்தம்.
விசுவமடு. உடையார்கட்டு. சுதந்திரபுரம்.
அதுக்கங்கால பேர் வேண்டாம்.
எத்தனை நிமிசம் எண்டு ஒருதரும் கணக்கெடுக்கேல்லை.
மட்டமோ, நிழலோ, நடக்கத் தோதோ எண்டு கேக்கேல்லை.
முன்னால் போனவரின் காலடிக்குள்
எங்கட காலடியை வச்சம்.
சில இடத்தில் முன்னால் காலடி முடிஞ்சிருந்தது.

இப்ப வாய்க்கால் கட்டுத்தான் என்ர இடம்.
சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்திருக்கு,
உடும்பு ஒண்டு எனக்கு வழி விடுறேல்லை,
நான் அதுக்கு விடுறன்.
நேற்று முப்பத்தெட்டாவது நிமிசத்தில்
ஒரு மோட்டச்சைக்கிள் பக்கத்தில் வந்து நிண்டது.
"அம்மா, எங்க போறியள்? இறக்கி விடுறன்."

ஒரு இடத்துக்கும் இல்லை எண்டன்.
அவன் நம்பேல்லை.
இன்னும் இரண்டு நிமிசம் கிடந்தது.